பூட்டுக்கடையின் முதல் பக்கம்

காலை வெயில் பூட்டுக்கடை மேசைமேல் நீளமாகப் படுத்திருக்கிறது. கடையின் இணையதளத்தின் முதல் பக்கத்தில் போடவேண்டும் என்று கடைக்காரர் கொண்டுவந்த தாள்கள் சாவிக்கொத்தின் அடியில் படபடக்கின்றன: "எங்கள் தொலைநோக்கு", "எங்கள் நெடும்பயணம்", மைத்துனரின் கோட்டை மாட்டிக்கொண்டு எடுத்த படம். "கடை தொறந்தே நாலு மாசந்தாங்க ஆகுது, அதுக்குள்ள என்ன நெடும்பயணம்?" என்கிறாள் மனைவி. அவர் முகம் சுருங்குகிறது. அப்போது போன் அடிக்கிறது. பூட்டிக்கொண்ட வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் பதற்றம் மேசைவரை கேட்கிறது. "பயப்படாதீங்கம்மா. கதவ உடைக்க மாட்டேன், ஒரு கீறல்கூட விழாது. பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்." பேசியபடியே கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குகிறார். மனைவி 'நெடும்பயணம்' தாளைத் திருப்பிப்போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறாள். "பயப்படாதீங்கம்மா" முதல் வரியில் நிற்கிறது.