கேட்ட பிறகு

கேட்டுவிட்டாள்.

“அண்ணாச்சி, செத்துரலாம்னு தோணுதா?”

இனி அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

மோட்டார் அறையின் தகரக் கூரை நிழலில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மதிய வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைப் பறித்தன. அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தவசிமுத்து. தூத்துக்குடிக்குத் தெற்கே அந்த உப்பளத்தில் முப்பது வருடமாக மோட்டார் போடுகிறவர். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர், எப்போது நிறுத்தம் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மனைவி இறந்து ஏழு மாதம். அதற்கப்புறம் யாரோடும் பேச்சில்லை. கொண்டுவரும் சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

போன வாரம் திடீரென்று முகம் தெளிந்துவிட்டது.

எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். ரப்பர் பூட்சை வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்திக்குக் கொடுத்தார். ரேடியோவை டீக்கடையில் வைத்துவிட்டு வந்தார்.

அண்ணாச்சி தேறிவிட்டார் என்று உப்பு வாரும் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அவர்களோடு உப்பு வாரும் சொர்ணக்கிளி மட்டும் சந்தோஷப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. வாழ்க்கையே வெறுத்துப்போனவர்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படி அவர்களிடம் பேச்சுக் கொடுப்பது என்று சொல்லித்தந்தார்கள். சொர்ணக்கிளி போனது அங்கே போடும் சாப்பாட்டுக்காக. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆனால் அந்த நர்சம்மா சொன்ன ஒன்று மண்டையில் தங்கிவிட்டது. ரொம்ப நாள் இடிந்துபோய்க் கிடந்த ஆள் ஒருநாள் காரணமில்லாமல் லேசாகி, கையில் உள்ளதையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அதுதான் கஷ்டம். அந்த உப்பளத்திலேயே பெரிய வாயாடி அவள். இதைக் கேட்பதற்காக இரண்டு நாள் அவரிடம் போய், வெயிலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பி வந்திருந்தாள்.

இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தூரத்திலிருந்து மேஸ்திரி கைதட்டிக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை. ஆமான்னு சொல்லிராதீய என்று மனசு கிடந்து அடித்தது. அடுத்த நிமிடமே, சொல்லிருங்க அண்ணாச்சி, சொல்லிருங்க என்று கெஞ்சியது.

“ம்” என்றார்.

வெகுநேரம் கழித்து, பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார்.

“வெள்ளிக்கிழமைன்னு நெனச்சிருந்தேன்.”

அன்றைக்குப் புதன்.

ஆயிரம் பேச்சு அவள் நாக்கு நுனிக்கு வந்தது. மஸ்கட்டில் மகன் இருக்கிறானே. பெரிய மனுசன் இப்படிப் பேசலாமா. எல்லாவற்றையும் எச்சிலோடு விழுங்கினாள்.

“சொன்னது நல்லது அண்ணாச்சி. நான் இங்கனதான் இருக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் பேசினார். ஒரு மணி நேரம் இருக்கும். வீட்டில் தன்னை ஏச ஆளில்லை என்றார். முப்பது வருடமும் பெண்டாட்டி ஏசிக்கொண்டேதான் இருந்தாளாம். இப்போது செருப்போடு அடுப்படிக்குள் போனால்கூட ஏனென்று கேட்க நாதியில்லை என்றார். சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

நிழல் நகர்ந்தது. இரண்டு பேரும் நிழலோடு சேர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். மாட்டேன் என்றார். அவள் வற்புறுத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. மூன்றாம் தடவை கேட்டபோது, அவரே உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

மினி பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற குரலில், அந்தம்மாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்த முறை பதில் சொல்லத் தவசிமுத்து அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

படுக்கை கொடுத்தார்கள். நாலைந்து நாள் இருக்கட்டும், பிறகு வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். யார் கூட்டி வருவது என்று கேட்டதற்கு சொர்ணக்கிளி தன் பெயரைச் சொன்னாள். அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள்.

கூட வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம் தகவல் தெரிந்து ஏரலிலிருந்து அவருடைய தங்கச்சி வந்து கட்டிலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவள் கிளம்பினாள். வார்டு வாசலைத் தாண்டும்போது அவர் கூப்பிட்டார். பழைய குரல். அந்த அதிகாரம்.

“ஏளா, ஏழாம் பாத்தியில இப்பதான் உப்பு கட்டுது. நான் வந்து பாக்கதுவரைக்கும் ஒருத்தரையும் உள்ள இறங்க விடாத.”

“சரி அண்ணாச்சி” என்றாள்.

வராந்தாவைக் கடந்து, வெளிப்படி வரைக்கும் நிதானமாகத்தான் நடந்தாள். அங்கே உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே அவள் ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்.

போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.