கெட்டித் தரை

"இன்னும் ஆழமா தோண்டுங்க, கொத்தனாரே."

மாரிமுத்து கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். உறுவையாறு கிராமத்தில் தணிகைவேல் வீட்டுக் கொல்லை. நெல் காயவைக்க சிமெண்டுக் களம் போட வேண்டுமென்று அவர் மனைவி தையலம்மாள்தான் ஆள் அனுப்பியிருந்தாள். கூட ஆள் வேண்டாம், தனியாக வரவேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தாள்.

"எதுக்கும்மா ஆழம்? மேல்மண்ண வழிச்சிட்டு, ஜல்லி கொட்டி, தண்ணி வுட்டு இடிச்சா போதும். கீழ கெட்டித் தரைதான்."

"எல்லா எடமும் கெட்டியா? குத்திப் பாருங்க."

குத்திக்கொண்டே போனான். கடப்பாரை எங்கும் 'ணங்'கென்று நின்றது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லாமல் பாதிக்கு மேல் இறங்கியது.

"இது தோண்டி மூடின மண்ணும்மா. பழைய கெணறு ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்ல." அவள் முகம் வெளிறியிருந்தது. போய்க் கொல்லைப் படலைச் சாத்திவிட்டு வந்தாள். "அத அப்படியே வுட்டா இன்னா ஆவும்?"

"மழைக்கு உள்வாங்கும். களம் வெடிச்சுப்பூடும். அள்ளிட்டுத்தான் ரொப்பணும்."

"அள்ளுங்க."

மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து பொலபொலவென்று வந்தது. நடுப்பகலிலும் அந்தக் கொல்லையில் ஒரு காகம் கரையவில்லை. குழியின் மேல் அவள் நிழல் அசையாமல் விழுந்து கிடந்தது.

மாரிமுத்துவுக்கு வழியில் வண்டிக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. தணிகைவேல் சைகோனுக்குப் போய்விட்டாராம். ஆனால் கப்பலேறியதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லையாம்.

"ஐயா கடுதாசி போடுறாராம்மா?"

"பேசாம தோண்டுங்க."

இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டியில் மக்கிப்போன துணி சிக்கியது. அவன் திரும்பிப் படலைப் பார்த்தான். புருஷனைப் புதைத்த ஆழம் போதாதென்று என்னை வைத்து மறுபடி புதைக்கப் பார்க்கிறாளா, பாவி! படலைச் சாத்தியது அதற்குத்தானா?

துணியை இழுத்தான். அதோடு சேர்ந்து, குஞ்சம் வைத்துப் பின்னிய நீளமான சடை ஒன்று வந்தது.

தையலம்மாள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். அந்தச் சடையை எடுத்து மடியில் வைத்து, ஒட்டியிருந்த மண்ணை விரலால் தள்ளிவிட்டாள்.

"களம் வேணாம், கொத்தனாரே. எங்க அக்காதான் மொத தாரம். அவ எவன்கூடவோ ஓடிப்பூட்டாள்னு அந்த ஆளு ஊரையே நம்ப வச்சாரு. இவளத் தேடத்தான் அவருக்கே ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டு இந்த வூட்டுக்கு வந்தேன்."