ஒரு பக்கச் சிறகு

இரண்டு வார மழை விட்டதும், ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காலிக் கூண்டின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

சாம்பல் நிறம். கழுத்தில் பச்சை மினுக்கம். அவள் கணவன் வளர்த்த பெட்டைதான், சந்தேகமில்லை.

மற்ற புறாக்களோடு இதையும் மீஞ்சூருக்கு அனுப்பியாகிவிட்டது. அவனுடைய புறாப் பந்தயக் கூட்டாளி ஜிலானி, தன் ஆட்டோவில் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு போனார். அங்கே குஞ்சு பொரித்து அந்த இடம் பழகும்வரை ஒன்றைக்கூடத் திறந்துவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எப்படியோ தப்பியிருக்கிறது.

விஜயவாடாவில் பறக்கவிட்டாலும் காசிமேட்டுக்கு வந்து சேரும் பறவை. மீஞ்சூர் அதற்கு ஒரு தூரமே இல்லை.

வாளியைக் கீழே வைத்தாள்.

பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் தண்ணீர் இருந்தது. அன்று காலை ஊற்றிய தெளிந்த தண்ணீர். பக்கத்தில் கம்பும் பட்டாணியும்.

கூண்டின் தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

துடைப்பம் சுவரில் சாய்ந்து நின்றது.

அவள் பெருக்கவில்லை.

அவன் உடம்பில் இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் அவளுடையது. கோடையில் கொடுத்தாள். அது அங்கே நிலைக்க வேண்டுமென்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவன் ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டும்.

வீட்டில் ஏதாவது வளர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது அவன் தரையைப் பார்த்தான்.

அவள்தான் சொன்னாள்.

புறா எச்சம் காய்ந்து தூசியாகும். அதில் ஒரு பூஞ்சை இருக்கும். மற்றவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. இவருக்கு மூச்சோடு உள்ளே போய் மூளைக்கு ஏறிவிடலாம். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். தலைவலியோ கண்கூச்சமோ வந்தால் உடனே கூட்டிவரச் சொன்னார்.

அவன் தலையாட்டினான். கூடைகள் இறங்கிய அன்று மாடிப்பக்கமே வரவில்லை.

இப்போது படியில் அவன் காலடி கேட்டது. கதவுக்குப் பின்னால் வந்து நின்றது.

“மேல வராத.”

வரவில்லை.

அவள் ஜிலானிக்கு போன் செய்தாள். ராயபுரத்தில் சவாரி இறக்கிக்கொண்டிருந்தார். “ரெண்டு வாரம் முன்னாடி பூனை தட்டிக் கூண்டு தொறந்துக்கிச்சும்மா. இங்கதான் எங்கியாவது சுத்திக்கினு இருக்கும்னு நெனச்சேன். இந்தா வரேன். அதுக்குள்ள ரெக்கைய வெட்டி வெச்சிடு, இல்லன்னா மறுபடியும் வந்துடும்.”

மூக்கையும் வாயையும் மூடி முந்தானையைக் கட்டிக்கொண்டாள். கத்தரிக்கோல் எடுத்துவந்தாள்.

புறா ஓடவில்லை. கைக்குள் வந்துவிட்டது. அதன் நெஞ்சு படபடவென்று அவள் உள்ளங்கையில் அடித்தது.

சிறகை விரித்தாள். எங்கே வெட்டுவதென்று தெரியவில்லை. கத்தரிக்கோல் இங்கும் அங்கும் அலைந்தது.

“ஒரு பக்கம் மட்டும் வெட்டு, பவுனு. ரெண்டு பக்கமும் வெட்டினா சமாளிச்சிப் பறந்துடும்.”

கதவுக்குப் பின்னாலிருந்துதான் சொன்னான்.

சற்றுப் பொறுத்து, “ஓரத்து எறகு மட்டும். நெகம் வெட்டற மாதிரிதான். அதுக்கு வலிக்காது.”

வெட்டினாள்.

ஒவ்வொரு முறை கத்தரி மூடும்போதும் கதவுக்குப் பின்னால் ஒரு மூச்சு நின்று வந்தது.

ஜிலானி வந்தார். புறாவைக் கூடையில் போட்டு மூடினார். படியிறங்கும்போது அறைப்பக்கம் எட்டிப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். ஜிலானி கூடையோடு இறங்கிவிட்டார்.

அவள் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினாள். புடவையை மாற்றினாள். அறைக்குள் வந்தாள்.

பகலிலேயே ஜன்னலைச் சாத்தியிருந்தான். அவள் சுவிட்சைத் தொட்டாள்.

“லைட்டு போடாத. கண்ணு கூசுது.”

அவள் கை சுவிட்சிலேயே நின்றது.

“தலை வலிக்குது.”

“எப்பலேர்ந்து?”

“அது வந்ததுலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

அவன் கண்ணைத் திறக்காமல் சொன்னான். “சொல்லியிருந்தா அதோட கழுத்தத் திருகியிருப்ப.”

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.



மருந்துப் பையை எடுத்துக்கொண்டாள். அவனை எழுப்பி, தோளில் சாய்த்து, வாசற்படிவரை நடத்திவந்து உட்காரவைத்தாள். எப்போதும் இல்லாத சூடு அவன் கழுத்தில். தெருவுக்கு ஓடினாள்.

ஜிலானியின் ஆட்டோ இன்னும் தெருமுனையில்தான் நின்றிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறி, வண்டியைத் திருப்பினார்.

பின்சீட்டில் கூடை இருந்தது.

அவள் கையை இறக்கினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவருக்குப் புரியவில்லை, வண்டி வந்துகொண்டேயிருந்தது.

அவள் திரும்பி, எதிர்ப்பக்கமாக, வேறு வண்டி தேடி மெயின்ரோட்டை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.