ஹாரன் காது கொடுத்த நாள்

தான் கத்துவதால்தான் வண்டி நிற்கிறது என்று ஹாரன் நம்பியிருந்தது. ஒருநாள் மலைப்பாதையில் பிரேக் மிதி தரைவரை அமுங்கியது. ஹாரன் தொண்டை கிழியக் கத்தியும், வண்டி மண்மேட்டில் மோதித்தான் நின்றது.

மெக்கானிக் தேவசகாயம் சக்கரங்களுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, பிரேக் ஆயில் நிரப்பி, மிதியை அழுத்தினார். ஒரு தாளில் மட்டும் ஈரம்.

"இங்கதான் ஒழுகுது."

சக்கரத்தைக் கழற்றி, கிழிந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்றினார்.

மறுநாள் அதே இறக்கத்தில் மிதி லேசாக அமுங்கியதும் வண்டி அப்படியே நின்றது. ஹாரன் கத்தவே இல்லை.

"யாரு நிறுத்தினது?" என்று மிதியிடம் கேட்டது.

"நேத்துத் தாள்ல சொட்டினாரே பிரேக் ஆயில், அவருதான். வெளியே தெரியாம இருந்தாத்தான் அவரால நிறுத்த முடியும்" என்றது மிதி.

அடுத்த வளைவில் ஹாரன் மூச்சடக்கிக் காது கொடுத்தது. வண்டி நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.