பிடிச்சுக்க ஒரு கை

"இதை எடுத்துக்கிட்டு வேற ஒண்ணு குடுங்க. இதைவிட மட்டமானதா."

கல்லாவில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கடையைத் திறந்து இன்னும் எல்லா விளக்கும்கூடப் போடவில்லை. அதற்குள் இப்படி ஒரு ஆள்.

ஐம்பது வயதிருக்கும். புருவத்திலும் காதோரத்திலும் மாவு. பின் தெரு ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி வேலை பார்ப்பவர் என்று சொல்லாமலே தெரிந்தது. கையில், காபிக்கொட்டை அரைக்கிற கை மெஷின். பெட்டிகூட இன்னும் புதுசாகவே இருந்தது.

"டேய், இங்க வா. சார் மட்டமா ஒண்ணு கேக்கறார்."

உள்ளேயிருந்து தம்பி வந்தான். கடையில் மெஷின்களைச் சுற்றிக் காட்டுவது அவன் வேலை.

"சார், இது போன வாரம் உங்க வீட்டம்மா எடுத்துட்டுப் போனது இல்ல?"

"ஆமா. பழசு கைப்பிடி முறிஞ்சு போச்சு. அவதான் இதை வாங்கிட்டு வந்தா."

"ஒவ்வொண்ணாச் சுத்திப் பார்த்து, ஆசையா எடுத்துட்டுப் போனாங்க," என்றாள் அக்கா. "திருப்பித் தரப் போறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கீழ விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கறேன். அவ இந்தப் பக்கம் வந்தா கண்ணுல படாம உள்ள வெச்சிடுங்க."

"பொய் வேறயா!"

அவர் பெட்டியைக் கல்லா மேல் வைத்தார்.

"மட்டமானதுன்னா மிச்சக் காசு..." என்று தம்பி இழுத்தான்.

"காசு வேண்டாம் தம்பி. மெஷினை மட்டும் மாத்திக் குடு."

தம்பிக்குத் தன்மானம் உறுத்தியது. பெட்டியைப் பிரித்து, கொட்டையைப் போட்டு, ஒரு கையால் பிடித்து மறு கையால் சுற்றினான்.

"பாருங்க சார். ரப்பர் பிடி. உள்ள இரும்புப் பல்லு. வீட்டுக்கும் ஆச்சு, ஊருக்குப் போறப்ப பையில போட்டுக்கவும் ஆச்சு. அவ்வளவுதான், முடிஞ்சது!"

"அதுக்குள்ளயா?" அவர் முகம் தொங்கிவிட்டது.

"அதான் சார் இதுல விசேஷமே."

"அதான் எனக்கு வேண்டாங்கறேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கமில்லாமல் மண்டை கலங்கிவிட்டதோ?

தம்பி அடுத்தடுத்து எடுத்து வைத்தான். அவர் ஒவ்வொன்றையும் தானே சுற்றிப் பார்த்தார். "இதுவும் லேசா இருக்கே." "ம்ஹூம், இதுவும் நல்லா இருக்கு." நல்லா இருக்கு என்று சொல்லித் தள்ளி வைக்கிற ஆளை அந்தக் கடை அன்றுதான் பார்த்தது.

கடைசியில் தம்பி குனிந்து, அடித்தட்டிலிருந்து ஒன்றை உருவினான். உயரமாக, வழவழவென்று ஒரு இரும்புக் குழல்.

"இதைவிட மட்டம் உலகத்துலயே கிடையாது சார். வாங்கினவங்க எல்லாம் திட்டிட்டுத் திருப்பிக் குடுத்தாங்க."

சுற்றினான். கைப்பிடியோடு மெஷினும் சேர்ந்து சுற்றியது. தொடையிடுக்கில் வைத்துப் பார்த்தான். நழுவியது.

"அக்கா, கொஞ்சம் பிடியேன்."

அவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரக், கரக் என்றது.

"மெதுவாடா, கையைப் பேத்துடுவ போல."

"நீ முதல்ல ஆடாம பிடி."

"மாவு மிஷின்ல பிறந்திருக்க வேண்டியவன்டா நீ."

"நீ பிடிக்கற லட்சணத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

அக்கா சிரித்துவிட்டாள். மெஷின் இன்னும் பாதிகூட அரைக்கவில்லை. அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த நாலு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே குடுங்க."

அக்காவின் சிரிப்பு நின்றது. "உங்க வீட்டுல யார் அரைக்கறது?"

"அவதான்."

"நினைச்சேன். அவங்க வேலைக்குப் போறவங்கன்னு சொன்னாங்களே?"

"ஆமா. ஆஸ்பத்திரி லாண்டரியில. விடிஞ்சதும் கிளம்பணும்."

"அந்த அவசரத்துல இதோட மல்லுக்கட்டணுமா அவங்க? டேய், உள்ள ரப்பர் வளையம் இருக்கும். மாட்டிக் குடு. அப்பவாவது வழுக்காது."

தம்பி மெஷினோடு உள்ளே போனான்.

"வளையம் வேண்டாங்க. வழுக்கினா வழுக்கட்டும்," என்றார் அவர் பதறி.

"என்ன மனுஷன் சார் நீங்க? ஒத்தையில எப்படி அரைப்பாங்க அவங்க?"

அவர் சட்டை நுனியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார்.

"நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப அவ கிளம்பற நேரம். அவ திரும்பி வர்றதுக்குள்ள நான் போயிடுவேன். பழைய மெஷினும் இதே மாதிரிதாங்க, வழுக்கும். அவ சுத்துவா, நான் பிடிச்சுக்குவேன். திட்டுவா. வீட்டு ஓனர் வாடகை கேட்ட கதை, லாண்டரியில அவ மேஸ்திரி கதை, எல்லாம் அப்பதான். நான் அசந்து வர்றேன், வந்ததும் படுக்கட்டும்னு நினைச்சு அந்தப் புது மெஷினை வாங்கினா. இப்ப அவளே அரைச்சு, போட்டு, மூடி வெச்சிட்டு, நான் வர்றதுக்கு முன்னாடியே பஸ்ஸைப் பிடிச்சிடறா. நான் வீட்டுக்குப் போறப்ப ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. சூடாத்தான் இருக்கு."

அக்கா உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டியாச்சு சார்! இனிமே ஒரு ஆளே போதும்," என்று தம்பி சிரித்துக்கொண்டே வந்தான்.

அக்கா அவன் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கினாள். வளையத்தை நகத்தால் நெம்பிக் கழற்றி டிராயருக்குள் போட்டாள். மெஷினைப் பெட்டியில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கணும், அண்ணே."