ஒட்டுப் பின்னல்

சண்டை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இயக்கம் சண்டைக்குப் பிடித்துப்போய்க் கத்தரித்த தலைமுடி நிறோஜாவுக்கு இன்னும் வளரவில்லை. தினமும் காலையில் தோழி கஜிதா அதில் சவுரி வைத்து, இரட்டைப் பின்னலிட்டு, ரிப்பன் கட்டிவிடுவாள்.

"தலைய ஆட்டாத, குரங்கு. இனி ஆரும் கண்டுபிடிக்கேலாது."

அன்று வகுப்புக்குள் ஆமிக்காரர்கள் வந்தார்கள்.

"இயக்கத்தில இருந்த பிள்ளையள் எழும்பட்டாம்," என்றார் அதிபர், எவர் முகத்தையும் பாராமல். ஒருவரும் எழும்பவில்லை. நிறோஜா விஞ்ஞானப் புத்தகத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். பின்வரிசை வாங்கிலிருந்து விரல்கள் வந்து அவளுடைய ரிப்பனைத் தொட்டன. யாருடைய விரல்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"ஆமி பிடிச்ச எங்கட அண்ணாவ விடுறமெண்டவங்களடி," என்றாள் கஜிதா, காதுக்குள்.

நோகாமல்தான் அவிழ்த்தாள்.