பத்து நொடி வெற்று அறை

ஜன்னலை மறைத்த கம்பளியின் ஓரத்தில் மட்டும் பிற்பகல் வெளிச்சம் கசிகிறது. மின்விசிறி நின்றாயிற்று, இரைகிற கணினிப் பெட்டி கட்டிலுக்கடியில் போயாயிற்று. மூச்சுக்காற்று மோதாமலிருக்கக் கணவரின் காலுறையை மாட்டிக்கொண்டு மைக் நிற்கிறது. துவைத்ததுதான் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மாலைக்குள் குரலின் மாதிரிப் பதிவை அனுப்பினால்தான் கதை வாசிக்கும் வேலை மனைவிக்குக் கிடைக்கும். "முதல்ல பத்து நொடி வெறும் ரூமைப் பதியணும். அதுல கேக்கிற சத்தத்தையெல்லாம் உன் குரல்லேருந்து கம்ப்யூட்டர் கழிச்சிடும்," என்று பொத்தானை அமுக்குகிறார். திரையில் பச்சைக் கோடு படுத்துக் கிடக்கிறது. பிறகு ஒரு சின்ன மேடு எழுந்து அடங்குகிறது, மறுபடி எழுகிறது. அவருடைய இளைப்பு. சட்டென்று வாயைப் பொத்தி மூச்சை அடக்கிக்கொள்கிறார். கோடு நேராகிறது, நெற்றி நரம்பு புடைக்கிறது. அவளால் ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"மூச்சை விடுங்க."

துருத்திபோல நெஞ்சு இரைகிறது. "கெடுத்தியே. இதை அழிச்சிட்டு வேற எடுப்போம். நான் வெளியில நிக்கிறேன்."

"வேற எடுப்போம். இது இருக்கட்டும்."

"என் இளைப்பை வெச்சு என்ன பண்ணப்போற?"

அவள் அவர் கையைப் பொத்தானிலிருந்து மெல்ல எடுத்து விடுகிறாள். "அது கேக்கலன்னா ராத்திரியில லைட்டைப் போட்டுப் பாக்கிறவ நான்."